பாபிலோன் ஆறுகளும் நம் சிற்றாலயத்து ஓர்கனும்

நம் கல்லூரிச் சிற்றாலயத்து ஓர்கனுக்கு மாரிகாலம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிக் கட்டைகள் இறுகிவிடும். அழுத்திய கட்டை மேலே வராது. பாட்டு முடிந்து, அதிபர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிய பிறகும், துருத்தியில் காற்றுத் தீரும்வரை அந்த ஒரு சுரம் மட்டும் முனகிக்கொண்டே இருக்கும். ஓர்கன் மாஸ்ரர் பேனாக்கத்தி நுனியால் அதை நெம்பி விடுவார். பின்வாங்கில் இருந்த நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு ஆண்டவனுக்கே வெளிச்சம்.

குழாய் ஒன்றும் இல்லாத, காலால் மிதித்து வாசிக்கும் ரீட் ஓர்கன் அது. வரிசையாகப் பித்தளை நாக்குகள், ஒரு துருத்தி, முழங்காலால் தள்ளினால் ஒலியைக் கூட்டும் ஒரு பலகை. நான் சைவப் பிள்ளை. வீட்டில் தேவாரம், எட்டு மணிக்குப் பள்ளியில் வேதாகமத்துச் சங்கீதம் என்று வளர்ந்தவன். 23, 121, 137 ஆகிய மூன்று சங்கீதங்களும் இன்றும் தடங்கலின்றி வரும். மனப்பாடத்துக்குப் புள்ளி போட்டார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் தென் லண்டன் தேவாலயம் ஒன்றில் ஓர்கனும் குரலும் மட்டுமே கொண்ட ஒரு கச்சேரிக்குப் போனேன். பிராங்க், ரைன்பெர்கர், ரேகர், வியர்ன் என்று பிற்கால ரொமான்டிக் இசையமைப்பாளர்கள் பட்டியலில் இருந்தார்கள். நான் போனது செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் விவிலியப் பாடல்களுக்காக. பத்துப் பாடல்கள்; பத்தும் பழைய செக் மொழி வேதாகமத்துச் சங்கீத வரிகள்.

அவற்றை அவர் எழுதியது 1894 மார்ச்சில், நியூயோர்க்கில். அங்கே தேசிய இசைக் கல்லூரிக்கு இயக்குநராக 1892இல் வந்திருந்தார். நல்ல சம்பளம், பெரும் புகழ். மனம் மட்டும் சொந்த மண்ணான பொஹீமியாவில். நண்பர் சாய்கோவ்ஸ்கி சில மாதங்களுக்கு முன்தான் காலமாகியிருந்தார். ஊரில் தந்தை படுக்கையில். கசாப்புக் கடையும் சத்திரமும் நடத்தி, ஓய்வில் சிதர் என்னும் தந்தி வாத்தியம் வாசித்த மனிதர். மார்ச் 26ஆம் திகதி மகன் பாடல்களை முடித்தார். 28ஆம் திகதி தந்தை இறந்தார். கடல் கடந்திருக்கையில் வீட்டில் சாவு விழுவது எப்படியென்று, 1983க்குப் பிறகு ஊரைவிட்டு வந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஏழாவது பாடல் 137ஆம் சங்கீதம். பாபிலோன் ஆறுகளருகே உட்கார்ந்து அழுகிறவர்களிடம், சிறைபிடித்தவர்கள் உங்கள் ஊர்ப் பாட்டொன்றைப் பாடுங்கள் என்று கேட்கிறார்கள். அந்நிய தேசத்தில் அதை எப்படிப் பாடுவது? பாடிய மெஸ்ஸோ சொப்ரானோ (இடைத்தரக் குரல்) பெண் இங்கே குரலை உயர்த்தவேயில்லை. செக் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எந்த அடியில் நிற்கிறாரென்று தமிழில் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

துவோர்ஷாக் இவற்றைப் பியானோவுக்குத்தான் எழுதினார். முதல் ஐந்தைப் பிறகு வாத்தியக் குழுவுக்கும் அமைத்தார். இருந்தாலும் ஓர்கனோடு கேட்பதே பொருத்தமென்பது என் கட்சி. இளமையில் பிராக் ஓர்கன் பள்ளியில் படித்து, பின்னர் ஒரு கோயிலில் ஓர்கன் வாசித்துப் பிழைத்தவர் அவர். பியானோவில் தட்டிய சுரம் தட்டிய கணமே தேயத் தொடங்கும். ஓர்கனில் விரலை எடுக்கும்வரை நாகஸ்வரத்துக்கு ஒத்துப் பிடித்தாற்போல நிற்கும். அதன்மேல் குரல் சாய்ந்துகொள்ளலாம். ஆனால் விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஓசை கூடாது. ஒரு பகுதிக் குழாய்களைப் பெரிய மரப்பெட்டிக்குள் அடைத்து, முன்னால் பலகைக் கதவுகள் போட்டிருப்பார்கள். கால்மிதியால் அவற்றைத் திறந்து மூடித்தான் ஏற்ற இறக்கம். 23ஆம் சங்கீதத்தில் அந்தக் கதவுகள் அநேகமாக மூடியே இருந்தன. அடியில் ஒரு 16 அடிக் குழாய் மட்டும் மெல்லப் பேசியது. வினாடிக்கு முப்பத்துச் சொச்சம் அதிர்வுகள். காதைவிட வாங்குப் பலகைக்குத்தான் முதலில் கேட்கும். கடைசிப் பாடல் மட்டும் சோபிக்கவில்லை. துள்ளிக் குதிக்க வேண்டிய 98ஆம் சங்கீதம் ஓர்கனில் கால் கனத்து நடந்தது.

ரேகர் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூச்சு விட இடமில்லாமல் சுரங்களை அள்ளிக் கொட்டுகிறார்.

முடிவில் வியர்ன் 1927இல் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் மணியோசை. பிறவியிலேயே பார்வை மங்கியவர்; பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் 1900 முதல் ஓர்கன் வாசித்து, 1937 ஜூன் 2ஆம் திகதி கச்சேரி நடுவே அந்த வாத்தியத்தின் முன்பே உயிர்விட்டவர். நாம் நாளும் கேட்கிற பிக் பென் மணி மெட்டில் ஓரிடம் அவர் கையில் சற்றே மாறி நிற்கும். லண்டன் ஓர்கன் செய்நர் ஹென்றி வில்லிஸ் முனகிக் காட்டியதை அவர் பிழையாகக் கேட்டுவிட்டாரென்று ஒரு கதை உலவுகிறது. மெய்யோ பொய்யோ, அந்தப் படைப்பு வில்லிஸுக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உதவியாளர் இரண்டு கையாலும், குழாய் வரிசைகளைத் திறந்துவிடும் குமிழ்களை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நம் மாஸ்ரர் பார்த்திருந்தால் பேனாக்கத்தியை வீசியிருப்பார்.

நம் பழைய மாணவர் சங்க லண்டன் கிளை உறுப்பினர்களுக்கு ஒன்று: நகரத் தேவாலயங்கள் பலவற்றில் மதிய நேர ஓர்கன் கச்சேரிகள் இலவசமாகவே நடக்கின்றன, வாசலில் காணிக்கைத் தட்டு இருக்கும், அவ்வளவுதான். ஓர்கன் பின்மாடத்தில் இருந்தால் அதற்கு நேர் கீழே உட்காராதீர்கள். ஒலி தலைக்கு மேலால் போய்விடும். நடுவரிசை நல்லது, குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுபோங்கள், எல்லாத் தேவாலயங்களிலும் ஹீட்டர் போடுவதில்லை.