ஏதென்ஸ் அகோராவுல உடைஞ்ச கல்லுக்கும் ஒரு நம்பர் உண்டு

மொனாஸ்டிராகி மெட்ரோவுல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா பழைய அகோரா வந்துடும், அந்தக் காலத்து ஏதென்ஸோட சந்தை, கோர்ட், கோயில் எல்லாம் ஒரே இடத்துல இருந்த மைதானம். உள்ள வர்ற கூட்டம் நெருப்புக் கடவுள் ஹெபைஸ்டஸ் கோயிலப் பாத்து மேட்டுல ஏறிடுது, அது கிட்டத்தட்ட முழுசா நிக்குது இல்லையா. எனக்கு ஆசை கீழ கிடக்கிற துண்டுக் கல்லுங்க மேலதான்.

இங்க 1931லேர்ந்து அமெரிக்கன் ஸ்கூல் ஆஃப் கிளாசிக்கல் ஸ்டடீஸ்ங்கிற ஆய்வு நிறுவனம் தோண்டிட்டு இருக்காங்க. அட்டலோஸ் ஸ்டோவா, அதாவது 1950கள்ல திரும்பக் கட்டின நீள மண்டபம், அதுதான் இப்போ மியூசியம். தோண்டி எடுத்த ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடுற கேடலாக் முறை ரொம்ப எளிமை: 'எஸ்'னு ஆரம்பிச்சா சிற்பம், 'ஏ' கட்டடத் துண்டு, 'ஐ' கல்வெட்டு, 'பி' பானை, அப்புறம் வரிசை நம்பர். அங்க இருக்கிற பறக்குற நைக்கி (வெற்றி தேவதை) சிலை எஸ் 312. தலை இல்ல, கை இல்ல, ஆனா காத்துல உடம்போட ஒட்டின துணி மடிப்பப் பாத்துட்டு என்னால நகர முடியல. நம்பர் கூடவே எந்த எடத்துல, எந்த மண் அடுக்குல, என்ன கூட கிடைச்சதுன்னு நோட்புக்ல எழுதிருப்பாங்க, என்னைக் கேட்டா அந்தக் குறிப்புக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி, இடம் தெரியாத கல்லு எவ்வளவு அழகா இருந்தாலும் பாதி ஊமைதான்.

இதுக்கு சரியான உதாரணம் போர்க் கடவுள் ஏரிஸோட கோயில். மைதானம் நடுவுல ஒரு செவ்வகம், அதோட மேற்கு ஓரத்துல பளிங்குத் துண்டுங்கள அடுக்கி வெச்சிருக்காங்க. 1930கள்ல தோண்டினப்போ பெரிய குழப்பம், அஸ்திவாரம் ரோமர் காலத்தது, ஆனா மேல இருந்த கல்லு எல்லாம் கிமு 5ஆம் நூற்றாண்டு வேலை, ஏதென்ஸோட பேர்போன பார்த்தினான் கோயிலைக் கட்டின அதே நூற்றாண்டு. துண்டு துண்டா அளந்து வரஞ்சு பதிவு பண்ணினப்போ கல்லுங்க மேல கொத்தனாருங்க வெட்டின எழுத்து தெரிஞ்சுது, எந்தக் கல்லு எங்க உக்காரணும்னு அடையாளம், அந்த எழுத்தோட வடிவம் ரோமர் காலத்தது. அப்போ முழுக் கோயிலையே எங்கேயோ பிரிச்சு, கல்லு கல்லா குறி போட்டு, இங்க கொண்டு வந்து மறுபடி கட்டிருக்காங்க!

எங்கேர்ந்துன்னு தெரிய ரொம்ப வருஷம் ஆச்சு. முதல்ல ஏதென்ஸுக்கு வடக்க இருக்கிற அகார்னைங்கிற ஊர்னு நெனச்சாங்க, ஏன்னா ஏரிஸ் வழிபாடு அங்க இருந்துச்சு. 1990கள்ல பல்லினி பக்கம், இப்போ ஏர்போர்ட் போற திசையில, மேல கட்டடம் இல்லாத ஒரு அஸ்திவாரம் கிடைச்சுது, அளவு ஒத்துப்போச்சு, அது அதீனா தேவியோட கோயில். ஒரு தெய்வத்தோட வீடு இன்னொரு தெய்வத்துக்குப் போயிருக்கு. இன்னொண்ணும் இருக்கு, கூரை ஓரத்துல மழைத்தண்ணி வடியிற பளிங்கு வரிசை சூனியோன் கடல்முனையில இருக்கிற கடல் கடவுள் போசைடன் கோயில்லேர்ந்து வந்ததுன்னு துண்டுங்கள ஒப்பிட்டே கண்டுபிடிச்சிருக்காங்க. அகோரா நோட்புக்கும் அங்க வரஞ்ச பழைய வரைபடமும் இல்லேன்னா இதெல்லாம் யாருக்குத் தெரியும்.

அப்படியே அகோராவுக்குள்ள போற பழைய ஊர்வலப் பாதையான பனத்தினாயிக் சாலை ஓரமா மேல நடங்க, ஒரு தடிச்ச சுவர் வரும். கிபி 267ல ஹெருலியர்கள்ங்கிற ஜெர்மானியக் கூட்டம் நகரத்தச் சூறையாடினப்புறம் இடிஞ்ச கட்டடங்களோட கல்லை அள்ளி அள்ளி கட்டினது, தூண் துண்டு, சிலைப் பீடம், கல்வெட்டு எல்லாம் கலந்து கட்டிருக்கும். அந்தச் சுவரப் பிரிச்சு ஒவ்வொண்ணும் எந்தக் கட்டடத்ததுன்னு தேடுற வேலைய நினைச்சா மலைப்பா இருக்கு. அகோராவோட ரெக்கார்டு நிறைய இணையத்துலயே இலவசமா கிடைக்குது, போறதுக்கு முன்னாடி ரெண்டு நம்பராவது பாத்துட்டுப் போங்க, ரெக்கார்டுல ஃபோட்டோவா பாத்த கல்லு கண்ணு முன்னாடி வரும்போது கிடைக்கிற சந்தோஷமே தனி.