டிரெய்லருக்குக் கட்டில் போட்டவன்

டிராக்டருக்குப் பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் வெட்கப்படாமல் ஒரு சாக்கை விரித்து அதன் அடியில் படுத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. 2019 கடைசியில் ஆற்காடு பக்கம் ஒருவரிடம் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். பத்தடிக்கு ஆறடி. பளபளவென்று நீலப் பெயிண்ட், பின் டோரில் இரண்டு மயில், டயரிலும் தேயாத பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டேன். அந்த நவம்பரில்தான் ஆற்காட்டையும் சேர்த்து ராணிப்பேட்டை, வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகியிருந்தது. "வெளி மாவட்டத்துல போய் ஏமாந்துட்டு வந்துட்டான்" என்று நைனா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

இரண்டு மழைக்காலம் போனது. எரு ஏற்றிய ஒரு நாள் மண்வெட்டி தரை ஷீட்டுக்குள் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம்தான் அடியில் படுத்தேன். தரையைத் தாங்கும் குறுக்கு இரும்புகளான கிராஸ் சேனல்களுக்கு மேல் ஷீட்டை அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி வெல்டிங் அடித்திருந்தார்கள். இடையில் விட்ட இடத்தில் எல்லாம் எருத் தண்ணீரும் மாட்டு மூத்திரமும் இறங்கித் தங்கி, ஷீட்டு அப்பளமாகியிருந்தது. துருப் பிடிக்காமலிருக்க முதலில் அடிக்கும் ரெட் ஆக்சைடு அடித்த சுவடே இல்லை. வெல்டிங் கசடைக்கூடத் தட்டாமல் அதன் மேலேயே நீலப் பெயிண்ட். மேலே மயில், அடியில் துரு. ஒரு பானாவை (ஸ்பேனர்) எடுத்துத் தரை முழுக்கத் தட்டியிருந்தால் வாங்கின அன்றைக்கே தெரிந்திருக்கும். நல்ல இடம் டங்கென்று சொல்லும், கெட்ட இடம் பொத்தென்று சொல்லும்.

வெல்டர் தம்பி புது ஷீட்டுக்கு அளவெடுக்கத் தொடங்கிவிட்டான். எனக்கு வேறு யோசனை, இரும்புக்குப் பதில் மரப் பலகை. பொய்கைச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை மாடு ஏற்றிப் போகும்போது இரும்புத் தரையில் அதுகளுக்குக் கால் நிற்காது. ஒரு கறவை வழுக்கி விழுந்து முட்டி தேய்ந்து, சந்தையில் அந்தக் காயத்தைக் காட்டியே விலையைக் குறைத்தார்கள். கத்திரி வெயிலில் அந்த ஷீட்டு மேல் செருப்பில்லாமல் நீங்களே ஏறி நின்று பாருங்கள். தாத்தாவின் கட்டை வண்டியில் பலகைதானே இருந்தது, அதில் எந்த மாடும் வழுக்கி நான் பார்த்ததில்லை.

"இன்னா மாமா, டிராக்டருக்குக் கட்டில் போடப் போறியா?" என்றான் தம்பி. ஊரில் அந்தப் பெயர் இன்னும் ஓடுகிறது.

எடை கூடிவிடும் என்று பயமுறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது சதுர அடிக்கு 3 எம்எம் ஷீட்டு சுமார் 130 கிலோ வரும். ஒன்றேகால் அங்குலப் பலகை என்றால் ஆறேகால் கன அடி, காய்ந்த மரம் அதுவும் கிட்டத்தட்ட அதே எடைதான். செங்கல், ஜல்லி என்று தினம் கொட்டுகிறவர்களுக்கு நான் பலகையைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இரும்புதான் சரி. எனக்கு எரு, மாடு, கடலை, வைக்கோல்.

எங்கள் கொல்லை வரப்பில் சாய்ந்து கிடந்த கருவேலத்தை மில்லில் கொடுத்து எட்டங்குல அகலத்தில் ஒன்பது பலகை அறுத்தேன். ஆசாரி வந்து பார்த்து, "ஏம்பா, மரம் இன்னும் பச்சையா கீதே. அங்குலத்துக்கு ஒரு வருஷம் காயணும்" என்றார். அதோடு இரண்டு பலகையின் ஓரத்தைக் காட்டி, இது மரத்தின் வெளிப்பக்கத்து வெறும் வெள்ளை, உள்ளே இருக்கும் கெட்டியான வைரம் இல்லை, உளுத்துவிடும் என்றார். அவசரத்தில் இரண்டையும் காதில் வாங்கவில்லை. தை மாதம் பலகைகளை நெருக்கி அடித்துப் போல்ட் போட்டாயிற்று. கைவிரல் வைக்க இடமில்லாமல் அவ்வளவு அழகு.

சித்திரையில் கடலை பிடுங்கி, காயை ஆய்ந்து, களத்தில் உலர்த்த அப்படியே ஏற்றினோம். களத்துக்கு வந்து திரும்பிப் பார்க்கிறேன், வந்த வழி முழுக்க எட்டுக் கோடு போட்ட மாதிரி கடலை. பின்னாலேயே காக்கா, கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். வெயிலில் பலகை சுருங்கி, ஒவ்வொரு சந்திலும் சுண்டு விரல் போகிறது. காய்ந்த மரத்தை நெருக்கிப் போட்டிருந்தால் இதற்கு நேர் எதிராக நடந்திருக்கும் என்றார் ஆசாரி. மழையில் ஊறி உப்பி, போல்ட்டையே பிடுங்கிக்கொண்டு எழும்பியிருக்குமாம்.

எல்லாவற்றையும் கழற்றினேன். பலகைகளை நெருக்கி வைத்து, விட்டுப்போன அகலத்துக்கு மாமா வீட்டில் பழைய கொட்டகையைப் பிரித்தபோது கிடைத்த வேப்பம் பலகையை ஒன்றாகச் சேர்த்தோம். இந்த முறை சந்துக்குச் சந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைச் செருகி இடைவெளி விட்டோம். தண்ணீர் இறங்கும், கடலை இறங்காது. பலகை நீளவாக்கில்தான். குறுக்கே போட்டால் மண்வெட்டி ஒவ்வொரு விளிம்பிலும் தட்டும். போல்ட் தலைகள் மரத்துக்குள் அமுங்கும்படி குழி எடுத்தார் ஆசாரி. ஆணி அடித்தால் குலுக்கலில் ஒரே மாதத்தில் எழும்பிவிடும். சேனலுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கை நானே அடித்தேன். பலகைக்கு, வெட்டு முனைகளில் ஊற ஊற, பழைய இன்ஜின் ஆயில்.

போல்ட்டைச் சுற்றி மரம் மை கொட்டின மாதிரி கறுத்ததைப் பார்த்துப் பயந்தேன். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் வேலை பார்த்த சித்தப்பா சிரித்தார். கருவேலத்தில் துவர்ப்பு அதிகம், இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுக்கும், கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்ட மாதிரிதான் என்றார்.

ஆசாரி காட்டிய அந்த இரண்டு வெள்ளைப் பலகைகளில் ஒன்று போன வருடம் மாவாக உதிர்ந்தது. இரண்டு பானாவோடு அரை மணி நேரத்தில் நானே மாற்றினேன், வெல்டரைக் கூப்பிடவில்லை. இன்னொன்றும் ஓரத்தில் நகம் இறங்குகிறது. அதற்கான பலகை மாட்டுக் கொட்டகையில் நிழலில் சாய்ந்திருக்கிறது. அறுத்த தேதியை நைனா அதில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார், வருடம் முடியும் முன் நான் கைவைக்கக் கூடாதென்று.