2005 ஆக்டேவியா ஆர்.எஸ்.: வாங்கியதும், நம்பி ஓட்டும்படி ஆக்கியதும்

ஸ்கோடா நிறுவனத்தின் ஆக்டேவியா ஆர்.எஸ். கார் என் கல்லூரிக் காலத்து ஆசை. 1.8 லிட்டர் என்ஜின், நான்கு சிலிண்டருக்கு 20 வால்வு, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ, 150 குதிரைத்திறன். 2018-ல் தேடத் தொடங்கும்போது கையில் நான்கு லட்சம் இருந்தது. வண்டிக்கு இரண்டரைக்கு மேல் போகக் கூடாது, மீதி முழுக்க முதல் மாத வேலைக்கு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பழைய டர்போ கார் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

திருப்பூரில் பார்த்த முதல் வண்டி பளபளவென்று இருந்தது. ஆனால் நான் போவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தார்கள். கோயம்புத்தூரில் என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார்: "சூடா இருந்தா பாக்காதீங்க தம்பி, வந்துருங்க. ராத்திரி பூரா நின்ன வண்டியைக் காலைல நீங்களே ஸ்டார்ட் பண்ணணும்." வந்துவிட்டேன்.

ஈரோட்டில் கிடைத்தது இரண்டாவது வண்டி. பெயின்ட் மங்கல், சீட் கிழிசல். ஆனால் பதின்மூன்று வருட பில்களும் ஒரே ஃபைலில் இருந்தன. காலை ஆறரைக்கு நானே சாவி போட்டேன். என்ஜினுக்குள் இருக்கும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருந்தால் முதல் சில விநாடிகள் கடகடவென்று கேட்கும்; கேட்கவில்லை. புகை இல்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் பார்த்தோம், நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார் அண்ணன். ஆட்டம் பெரிதாக இல்லை. இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு முடிந்தது. படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யில் பெயர் மாற்றியதில் சிக்கல் எதுவும் இல்லை.

வாங்கிய கையோடு ஓட்டவில்லை. நேராக பட்டறை. வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று ஃபைலில் தேடினேன், ஏழு வருடம் ஆகியிருந்தது. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், தலைப்பகுதி முழுக்கச் செலவு. அதனால் பெல்ட், டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் ஒன்றாக மாற்றினோம். பம்ப் மட்டும் இரும்பு இறக்கை வைத்ததாகக் கேட்டு வாங்கினேன். இந்த 1.8 டர்போ என்ஜின் ஆடி ஏ4, ஃபோக்ஸ்வாகன் பஸாட் என்று பல கார்களில் ஓடியது. அதனால் பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றியபோது பார்த்ததை மறக்க முடியாது. ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். அதில் பாதிக்கு மேல் தார் மாதிரி கறுப்புப் படிவு. நகத்தால் சுரண்டினால் கரி போல உதிர்ந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். வலை அடைத்தால் முதலில் போவது டர்போ. புது வலை போட்டு, 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஆயில் ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் மாற்றினோம். அந்த ஆயிலும் கறுப்பாகத்தான் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கியது. ஸ்கேனரில் கலவையில் பெட்ரோல் குறைவு என்று வந்தது. வேறொரு பட்டறையில் காற்றளவு சென்சாரை மாற்றச் சொன்னார்கள், பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார்கள். அண்ணன் தடுத்துவிட்டார். எங்காவது கசிவு வழியே கூடுதல் காற்று புகுகிறதா என்று பார்க்க, காற்று போகும் குழாய்க்குள் புகையை ஏற்றி, பட்டறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை எழுந்தது. கை நுழையாத இடத்தில் இருக்கும் என்ஜின் மூச்சுக் குழாயின் வளைவு. வெளியே எடுத்து அழுத்தினால் பிஸ்கட் போல நொறுங்கியது. எண்ணூறு ரூபாய் ரப்பர். அன்றே என்ஜினில் இருந்த பழைய ரப்பர் குழாய் அத்தனையையும் மாற்றச் சொல்லிவிட்டேன். பதின்மூன்று வருட வெப்பம் ஒன்றை மட்டும் நொறுக்கியிருக்காது. அதன்பின் ஐடிலிங் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தது.

மொத்த வேலைக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. இப்போது ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன். என்ஜின் சூடாகும்வரை டர்போவை விரட்டுவதில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அளவை வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பார்ப்பேன். குறிக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே கசிவைத் தேடுவேன்.

போன மாதம் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினேன், 27 கொண்டை ஊசி வளைவு. மேலே டீக்கடை முன்னால் நிறுத்தி, வெப்ப முள்ளைப் பார்த்தேன். 90-ல் அசையாமல் நின்றது. டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிடம் ஓடவிட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்பினேன்.