நீர்க்கட்டியின் அளவும் அதன் உள்ளிருப்பும்

சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருப்பதாக அறிந்தவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது அதன் அளவைத்தான். மட்டக்களப்பு மாவட்டத்தின் அரச வைத்தியசாலையொன்றில், கதிரியல் பிரிவின் வைத்திய அதிகாரியாகப் பல வருடங்களாகப் பணியாற்றி வருகிறேன். ஏறாவூரிலிருந்து வருபவரும் திருக்கோவிலிலிருந்து வருபவரும் "எத்தன சென்ரிமீற்றர் டொக்டர்?" என்ற ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். அந்தக் கேள்வியில் பிழையில்லை. கையிலிருக்கும் அறிக்கையில் அவர்களுக்கு விளங்குவது அந்த ஓர் எண் மட்டுமே. ஆனால், நீர்க்கட்டியொன்று ஆபத்தானதா என்று தீர்மானிக்கும்போது நாங்கள் அளவுக்குக் கொடுக்கும் இடம் மிகச் சிறியது. அதன் சுவர் எப்படியிருக்கிறது, உள்ளே தெளிந்த நீர் மட்டும்தானா, வேறேதும் இருந்தால் அதற்கு இரத்த ஓட்டம் உண்டா என்பவற்றைத்தான் பார்க்கிறோம். இந்த வேறுபாட்டை நோயாளர் விளங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பினால், எவ்வளவு நல்ல ஸ்கேன் எடுத்தாலும் எங்கள் வேலை முடியவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் எளிய நீர்க்கட்டி சர்வ சாதாரணம். சிறுநீரகத்தின் நுண்குழாயொன்றின் சுவர் ஓரிடத்தில் புடைத்து, நாளடைவில் அந்தக் குழாயிலிருந்து பிரிந்து, தெளிந்த நீர் நிரம்பிய பையாகத் தனித்து நின்றுவிடுகிறது. பித்தப்பைக் கல்லையோ புரோஸ்டேட் வீக்கத்தையோ தேடி ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகத்தான் இவற்றில் பெரும்பாலானவை தென்படுகின்றன. மிகப் பெரிதாக வளர்ந்து நாரியில் நோவு கொடுத்தாலோ, கிருமி தொற்றினாலோ, உள்ளே இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் இறங்கும் வழியை அழுத்தினாலோ அன்றி அவற்றுக்குச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

அல்ட்ராசவுண்ட் அறையில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. நோயாளரை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது விலாவின் கீழ் ஜெல் பூசி, மூச்சை உள்ளிழுத்துப் பிடிக்கச் சொன்னால், விலா எலும்புகளின் மறைவிலிருந்து சிறுநீரகம் மெல்லக் கீழிறங்கித் திரையில் தெரியும். வலது பக்கத்தில் ஈரல் எங்களுக்கு ஒரு யன்னலாக உதவுகிறது. இடது பக்கத்தில் குடலின் வாயு குறுக்கே நிற்பதால், வலது பக்கமாகச் சரிந்து படுக்கவைத்து, முதுகுப் புறமாகப் பார்க்க வேண்டியிருக்கும். எளிய நீர்க்கட்டி திரையில் முழுக் கறுப்பாக, ஒரு புள்ளி எதிரொலியும் இல்லாமல் தெரியும். அதன் சுவர் மெல்லியதாகவும் ஒழுங்காகவும் இருக்கும். ஒலி நீரினூடாகத் தடையின்றிச் செல்வதால், கட்டிக்குப் பின்னாலுள்ள இழையம் சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். இந்த மூன்றும் ஒருசேர இருந்தால், பொதுவாக அதற்கு மேல் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். கருவியின் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டி வைத்தால் தெளிந்த நீரிலும் பொய்யான புள்ளிகள் தோன்றும் என்பதால், சந்தேகமான எதையும் எழுதுவதற்கு முன் அதைக் குறைத்து, வேறு கோணத்திலும் பார்ப்பது நான் கைவிடாத பழக்கம்.

படுவான்கரையிலிருந்து வந்த ஒரு வயோதிப விவசாயியை இங்கே நினைவுகூர வேண்டும். தனியார் நிலையமொன்றில் எடுத்த ஸ்கேனில் 9 சென்ரிமீற்றர் நீர்க்கட்டி என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவுமில்லை, வயலுக்குப் போகவுமில்லை. "என்ட கிட்னி ரெண்டும் போயிற்றா மகள்?" என்றுதான் கேட்டார். அந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் 1990களிலிருந்து அறியப்பட்டு வருவதும், அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியவிலும் காணப்படுவதும், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ காரணமாகாததுமான நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி நெல் விதைக்கும் எவரும் இங்கே கேள்விப்பட்டிருக்கிறார். அந்த நோய் முற்றும்போது சிறுநீரகங்கள் சுருங்கி, அவற்றின் இழையம் ஸ்கேனில் வழமைக்கு மாறாக வெளிறித் தெரியும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் குருதியில் ஏறும். நீர்க்கட்டி அதன் அடையாளமல்ல. அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வயதுக்கேற்ற நீளத்தில், நல்ல இழையத்தோடு இருந்தன. கிரியற்றினினும் சரியாகவே இருந்தது. திரையை அவர் பக்கமாகத் திருப்பி, கறுப்பாகத் தெரிவதெல்லாம் தண்ணீர் என்றும், அதைச் சுற்றியிருக்கும் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றும் காட்டினேன். நெருஞ்சி அவித்த தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்து வருவதாகச் சொன்னார். எந்தச் சாறும் நீர்க்கட்டியைக் கரைக்காது என்பதையும், சிறுநீரகச் செயற்பாடு குறைந்தவர்களுக்குப் பொட்டாசியம் கூடிய சாறுகள் ஆபத்தாகலாம் என்பதையும் அவருக்கும் கூட வந்த மகனுக்கும் சொல்லி அனுப்பினேன்.

சுவர் தடித்திருந்தாலோ, உள்ளே பிரிசுவர்கள் குறுக்கிட்டாலோ, சுவரில் முடிச்சுப் போன்ற ஏதாவது ஒட்டியிருந்தாலோ நிலைமை வேறு. அப்போதுதான் சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கேன் தேவைப்படுகிறது. நியூயோர்க்கின் கதிரியல் நிபுணர் மோர்ட்டன் பொஸ்னியாக் 1986இல் வெளியிட்ட, நீர்க்கட்டிகளை ஆபத்து ஏறும் வரிசையில் ஒன்று முதல் நான்கு வரை பிரிக்கும் வகைப்பாடு இன்றும் இதற்கு அடிப்படையாக இருக்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் விரிவாக்கப்பட்டது. சி.ரி. படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் ஹவுன்ஸ்பீல்ட் அலகில் அளக்கலாம்: நீருக்கு 0, காற்றுக்கு மறை 1000. எளிய நீர்க்கட்டியின் உள்ளிருப்பு 20 அலகுக்கு மேல் போவதில்லை. பழைய இரத்தம் தேங்கிய கட்டி 70 அலகைத் தாண்டி வெண்மையாகத் தெரிந்து பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். ஆயினும் உள்ளே முழுவதும் ஒரே சீராக இருந்தால் அதுவும் தீங்கற்ற இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. முக்கியமான கேள்வி, சாயமருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களுக்கு இடையில் கட்டியின் ஏதாவதொரு பகுதி 20 அலகோ அதற்கு மேலோ கூடியிருக்கிறதா என்பதுதான். அப்படிக் கூடினால், அங்கே இரத்தக் குழாய்கள் கொண்ட உயிருள்ள இழையம் இருக்கிறது என்று பொருள். வெறும் நீர் ஒருபோதும் சாயமருந்தை உள்வாங்காது. முதலிரு வகைகளும் நடைமுறையில் ஆபத்தற்றவை. மூன்றாம் வகையில் ஏறத்தாழப் பாதியும், நான்காம் வகையில் பத்தில் ஒன்பதளவும் புற்றுநோயாக இருக்கக் காணப்படுகின்றன.

கல்முனைப் பக்கமிருந்து வந்த ஒரு தாயாரின் நீர்க்கட்டி 2.5 சென்ரிமீற்றர்தான். வயிற்றெரிவுக்காக ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டவர் அவர். சிறிய கட்டி என்பதால் வீட்டாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கட்டியின் உட்சுவரில் பயறளவில் ஒரு முடிச்சு ஒட்டியிருந்தது, டொப்ளரில் அதற்குள் இரத்த ஓட்டம் தெரிந்தது. சாயமருந்து ஏற்றிய சி.ரி. படத்தில் அந்த முடிச்சு மட்டும் தெளிவாக ஒளிர்ந்தது. நான்காம் வகை என்று எழுதி, சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினோம். கட்டியை மட்டும் அகற்றி, சிறுநீரகத்தின் மீதியைக் காப்பாற்ற முடிந்தது. அந்த விவசாயியின் கட்டியோடு அளவில் ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. இருவருடைய அறிக்கையிலும் சென்ரிமீற்றர் கணக்கை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், பயப்பட வேண்டாதவர் பயந்தும் கவனிக்க வேண்டியவர் கவனிக்காமலும் இருந்திருப்பார்கள். ஆகவே "எளிய நீர்க்கட்டி, மேலதிக பரிசோதனை தேவையில்லை" என்ற வரியையோ, வகையையும் அடுத்த நடவடிக்கையையுமோ எழுதாமல் எந்த அறிக்கையும் வெளியே போகக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இரு சிறுநீரகங்களிலும் பல நீர்க்கட்டிகள் இருந்து, சிறுநீரகங்களும் பருத்திருந்தால், அது பரம்பரையாக வரும் பல்கட்டிச் சிறுநீரக நோயாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தகையவரிடம் குடும்பத்தில் யாருக்காவது இரத்தச் சுத்திகரிப்பு நடந்ததா, இளவயதில் மூளையில் இரத்தம் கசிந்து யாராவது இறந்தார்களா என்று விசாரிக்கிறோம். கட்டிகளை விடவும் குருதி அமுக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதுதான் அவர்களுடைய சிறுநீரகங்களை நீண்டகாலம் காக்கும் என்பதால், அவர்களை விரைவாகச் சிறுநீரக நோய் கிளினிக்கிற்கு அனுப்பிவிடுவோம்.

எங்களுக்கு அதிக சிரமம் தருவது இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையில் வைக்கப்பட்டிருக்கும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய வகை. வெட்டி எடுக்கவும் தேவையில்லை, மறந்துவிடவும் கூடாது. ஆறு மாதத்தில் ஒரு முறை, ஒரு வருடம் நிறைந்ததும் ஒரு முறை, பின்னர் வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வருடங்கள் வரை ஸ்கேன் எடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. நோவோ காய்ச்சலோ இல்லாத ஒருவரை ஐந்து வருடங்களுக்கு வரச்சொல்வது எளிதான காரியமல்ல. கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள்; மாரியில் வெள்ளம் வந்தால் வெல்லாவெளிப் பக்கத்துப் பாதைகள் நீரில் மூழ்கிவிடுகின்றன; அறுவடைக் காலத்தில் யாரும் வயலை விட்டு வரமாட்டார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் திகதி கொடுத்துவிட்டு, நோயாளர் வரவில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது. பெரும்போக அறுவடை முடிந்த பிறகு வரும் மாதத்தைக் கேட்டறிந்து, அதையே கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். முந்தைய படங்களையும் கட்டாயம் கொண்டுவரச் சொல்கிறேன், ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க அவை இல்லாவிட்டால் மாற்றம் ஏற்பட்டதா என்பதை எவராலும் சொல்ல முடியாது.

அப்படித் தவறாமல் வந்துகொண்டிருப்பவர்களில் ஒருவருடைய கட்டி இந்த முறை 5 சென்ரிமீற்றரிலிருந்து 6 ஆகியிருந்தது. எண்ணைப் பார்த்ததும் அவருடைய மனைவியின் முகம் மாறிவிட்டது. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, சுவர் அன்றுபோலவே இருக்கிறது, பிரிசுவர்கள் கூடவுமில்லை தடிக்கவுமில்லை, சாயமருந்தை உள்வாங்கும் முடிச்சு எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சற்று வளர்ந்தது என்பதற்காக மட்டும் வகை மாறுவதில்லை. அறிக்கையில் அதே வகையை எழுதி, அடுத்த ஸ்கேனை வரும் பங்குனிக்குக் குறித்துக் கொடுத்தேன்.