தோட்டக்கள்ளன்

"கணக்கெடுக்கிறேன்" என்று வாயைத் திறந்து சொன்னதுதான் முதல் தப்பு.

பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2015-லிருந்து நடக்கிறது. காடு மேடெல்லாம் அலைய வேண்டாம், மொட்டைமாடி போதும். குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பல வருடமாக விலை போகாமல் கிடக்கும் காலி மனை ஒன்று உண்டு. முள்ளும் சருகும் நடுவில் ஒரு நுணா மரமுமாகக் கிடக்கும். தெருவுக்கு அது குப்பைக்காடு, எனக்கு வேடந்தாங்கல்.

பொங்கலன்று காலை நோட்டும் தொலைநோக்கியுமாக மாடியில் நின்றிருந்தேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன சார், எழுதிட்டே இருக்கீங்க?" என்றார்.

"பொங்கல் கணக்கெடுப்புங்க."

விறுவிறுவென்று கீழே போனவர் ரேஷன் கார்டோடு திரும்பி வந்தார். "எங்க மாமியார் பேரை இன்னும் எடுக்கல சார். அதனால கரும்பு தராம விட்டுடுவாங்களா?"

நான் எண்ணுவது மாமியாரை அல்ல, மைனாவை என்று விளக்கினேன்.

"சம்பளம் தர்றாங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்?"-க்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

தொலைநோக்கியால் வந்த வினை தனிக்கதை. எதிர்வீட்டுக் கேபிள் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்தால் அதன் வால் பிளவு வரை துல்லியமாகத் தெரியும். கெட்ட நேரம், கரிச்சானுக்கு நேர் பின்னால் ஒரு ஜன்னல். ஒரே வாரத்தில் அங்கே கெட்டியான திரை தொங்கியது. அதற்கப்புறம் நான் மாடிக்கு வந்ததும் தொலைநோக்கியை முதலில் நேராக வானத்துக்குத் தூக்கி, "ஆகா, பருந்து!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. பருந்து இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என் நோட்டைப் புரட்டியிருக்கிறார். "6.10, சின்னான், ஜோடியாக. 6.25, மறுபடியும் சின்னான்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாருடா இந்தச் சின்னான்? அவன் ஜோடியோட போறதையெல்லாம் நீ எதுக்குடா எழுதி வெச்சிருக்க?" கொண்டைக்குருவிக்குச் சின்னான் என்று இன்னொரு பெயர் இருப்பதை அவர் நம்பவே இல்லை. எங்கள் ஊரில் சின்னான் என்றால் பம்புசெட் மெக்கானிக்.

கிளி கேட்டு வருபவர்களும் உண்டு. "ஒரு ஜோடி பேசுற கிளி பார்த்துக் கொடுங்க சார், விலை முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்ல." 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம் என்று சொன்னால், நான் விலையை ஏற்றப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த நாள் மாட்டுப் பொங்கல். தெருவே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்க மனையிலிருந்து இரட்டை விசில். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறுமணிக்குருவி! வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். அதற்குத் தோட்டக்கள்ளன் என்றும் பெயர் உண்டு. புதருக்கடியில் அது பதுங்கித் திரிகிற அழகைப் பார்த்தால், பெயர் வைத்தவர் விவரமான ஆள்தான்.

சுவரோரம் குந்தி உட்கார்ந்து, வெளிச்சம் வரக் காத்திருந்தேன். ஆறரைக்கு ஆள் தெரிந்தது. உடனே செல்போனை எடுத்து எங்கள் பறவைக் குழுவுக்குத் தட்டினேன்: "தோட்டக்கள்ளன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் இருக்கிறான். இப்போதுதான் பார்த்தேன். சத்தம் போடாமல் உடனே வாருங்கள்."

அனுப்பியது பறவைக் குழுவுக்கு அல்ல, தெருவாசிகள் குழுவுக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மாதம்தான் எங்கள் தெருவில் இரண்டு பைக்குகளில் பெட்ரோல் உருவப்பட்டு, ஒரு வீட்டில் போர் மோட்டாரின் ஒயர் அறுபட்டிருந்தது.

ஐந்தே நிமிடம். முதலில் வந்தது மூன்றாம் வீட்டுப் பையன், கையில் கிரிக்கெட் மட்டை. அடுத்து மாடிவீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், லுங்கியும் மங்கி குல்லாவுமாக, கையில் ஒட்டடைக்கம்பு. பின்னாலேயே ரேஷன் கார்டு அக்கா, பூரிக்கட்டையோடு. நான் சொன்ன மாதிரியே யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பெரிய கொடுமை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு படையே வந்து நிற்பது எனக்குத் தெரியாது.

"எங்க சார் அவன்?" என்று காதுக்குள் கிசுகிசுத்தார் ஹெட்மாஸ்டர்.

திரும்பிக்கூடப் பார்க்காமல், "நுணா மரத்தடியில. அசையாதீங்க, பறந்துடுவான்" என்றேன்.

"பறந்துடுவானா?"

அப்போதுதான் திரும்பினேன். மட்டை, கம்பு, பூரிக்கட்டை. அந்த நேரம் பார்த்து அது புதரை விட்டு வெளியே வந்தது. மைனாவைவிடச் சின்னதாக, வால் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குட்டையாக. பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்று நீலம், அடிவயிற்றில் குங்குமத்தைக் கொட்டிய சிவப்பு. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை வேறு, திருடன் முகமூடி மாட்டிய மாதிரியே. அலகால் ஒரு சருகைப் புரட்டி, அடியிலிருந்த புழுவைக் கொத்தி விழுங்கிவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்தது.

"அதோ, அவர்தான் தோட்டக்கள்ளன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஹெட்மாஸ்டர் கொஞ்ச நேரம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "லீவு நாள்ல இதுக்காகவா எழுப்புனீங்க?" அப்புறம் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். கால் மணி நேரம் தரவே இல்லை. எனக்கு அடுத்து அக்கா வரிசையில் நின்றார். பையன் மட்டும், "இதைக் குழம்பு வைப்பாங்களா அங்கிள்?" என்று கேட்டு, பூரிக்கட்டையால் லேசாக ஒரு தட்டு வாங்கினான்.

ஒயர் திருடியவன் இன்னும் மாட்டவில்லை. போன வாரம் கூரியர்க்காரர் தெருமுனையில் நின்று என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கதவிலக்கத்தைச் சொன்னதும் ஹெட்மாஸ்டருக்குச் சட்டென்று விளங்கியிருக்கிறது.

"ஓ, கள்ளன் சார் வீடா? நேரா போய் கடைசி கேட்டு."