உண்ணிக்கு மருந்து பழகிவிட்டது

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு ஆறு மாடு. போன மழைக்குப் பிறகு செவலையின் மடியிலும் வாலடியிலும் கொட்டமுத்து (ஆமணக்கு விதை) கணக்காக உண்ணி. மூன்று வருடமாக டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்தைத்தான் அடித்து வந்தேன். முன்பெல்லாம் மறுநாளே காய்ந்து உதிரும். இந்த முறை நனைந்தபடியே நடந்து போனது.

தப்பு என்னுடையதுதான். மருந்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவேன். அரைகுறை மருந்தில் பிழைத்ததுதானே பெருகும்? ஒரு பெட்டை உண்ணி கீழே விழுந்து 2000, 3000 முட்டை வைக்குமாம். மாட்டின் மேல் இருப்பதோ ஏறக்குறைய 3 வாரம். மீதியெல்லாம் தரையிலும் சுவர் வெடிப்பிலும். நான் மாட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வேறு வகை மருந்தான அமிட்ராஸுக்கு மாற்றினார். பாட்டிலில் போட்ட அளவு, சொட்டுக் குறையாமல். காதுக்குள், தொடையிடுக்கில் கையால் தடவினேன். அப்புறம் கட்டுத்தரைச் சுவர் வெடிப்பெல்லாம் சிமெண்ட் பூசினோம். "நம்ம வீட்டுச் சுவரே பூசாம கிடக்குது" என்றார் மாமியார். அதுவும் சரிதான்.

இப்போது தினமும் பால் கறக்கும் முன் மடியைத் தடவிப் பார்க்கிறேன். நேற்று இரண்டே இரண்டு. பிடுங்கி, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டேன்.