கலர் வந்துவிடும், கிளியரில்தான் மாட்டுவீர்கள்

ஆட்டோ பெயின்டிங் செய்முறைக்குப் பழகுகிறவர்கள் ஸ்ப்ரே கன் பிடிப்பதற்கு முன் ஸ்ப்ரே கேனில் கை பழகுவது நல்லது. கழற்றிப் போட்ட பம்பர் ஒன்று போதும். பட்டி, பிரைமர், கலர் வரை ஓரளவு எல்லோருக்கும் வந்துவிடும். கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் எதையும் மறைக்காது. அடியில் விட்ட கீறலைக்கூடப் பளபளவென்று காட்டிக்கொடுக்கும்.

முதலில் கிளியர் கேன் 1கே-யா (தனியாகவே காய்வது) 2கே-யா (இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிப்பது) என்று பாருங்கள். 1கே-யில் தின்னர் ஆவியாகிப் போனால் காய்ந்தது, அவ்வளவுதான். பெட்ரோல் சிந்தினால் பிசுபிசுக்கும். டேங்க் மூடிப் பக்கம் அதை அடிக்கவே கூடாது. 2கே கேனின் அடியில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால்தான் உள்ளே ஹார்டனர் கலக்கும். கலந்த கேனை நாளைக்கு மீதி என்று வைத்துக்கொள்ள முடியாது, ஓரிரு நாளில் உள்ளேயே இறுகிவிடும். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது. கைக்குட்டையும் என்95-உம் அந்த ஆவியைத் தடுக்காது. கேனில் சொல்லியிருக்கும் மாஸ்க் இல்லையென்றால் 1கே-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலர் கோட் பளபளப்பில்லாமல் மங்கலாகக் காய்வதுதான் சரி. அதைப் பார்த்துப் பயந்து மெட்டாலிக் கலரை வாட்டர் பேப்பரால் தேய்த்துவிடாதீர்கள். அலுமினியத் துகள்கள் கலைந்து, கிளியர் ஏறியதும் திட்டுத்திட்டாகத் தெரியும். தூசி உட்கார்ந்திருந்தால் அதை மட்டும் 1500 வாட்டர் பேப்பரில் தட்டிவிட்டு, மேலே இன்னொரு மெல்லிய கலர் கோட் கொடுங்கள். கடைசிக் கலருக்கும் கிளியருக்கும் நடுவே அரை மணி நேரம் விடலாம். ஒரு நாளைத் தாண்டவிட்டால் பிடிப்புக் குறையும். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய தின்னர் பிறகு வெளியேறும்போது ஊசி முனை அளவில் குமிழ் விடும்.

கேனை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். பேனலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் பேனலைத் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் லேசாக, அடுத்த இரண்டும் ஈரமாக, நடுவே பத்துப் பத்து நிமிடம். ஈரம் போதுமா என்று கேனைப் பார்த்தால் தெரியாது. பேனலில் விழும் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். ஓரம் ரம்பப் பல் போலிருந்தால் கை வேகம் அதிகம், அல்லது தூரம் அதிகம். அப்படியே விட்டால் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகத்தான் காயும். ஓரம் நேர்க்கோடாக வழுக்கினால் சரி. கீழ் ஓரம் உப்பத் தொடங்கினால் வழியப் போகிறது, கையை எடுங்கள்.

மழைக்காலத்தில் 1கே கிளியர் பால் போல வெளுப்பது அடிக்கடி நடக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. வெயில் வந்த நாளில் மெல்லிய கோட் ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மீன்கண், அதாவது பூச்சு விலகி விழும் சிறு வட்டக் குழிகள், வேறு கதை: டாஷ்போர்டு பாலிஷ், வாக்ஸ் போன்றவற்றின் சிலிக்கோன் துடைபடாமல் இருந்திருக்கிறது. மேலே மேலே அடித்து மூட முடியாது. ஹார்டுவேர் கடை எனாமல் கேனில் அடித்த கலர் மேல் கிளியர் அடித்துச் சுருங்கிப் போனால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

பேனலின் நடுவில் கிளியரை நிறுத்தினால் அந்த விளிம்பு நாளடைவில் உரியத் தொடங்கும். பாடி லைன் (பேனலின் மடிப்புக் கோடு) வரை கொண்டு போய் முடியுங்கள். மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பை, கிளியர் முழுதாக இறுகும் முன், பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள்.

பாலிஷுக்கு 2கே என்றால் ஒரு நாள், 1கே என்றால் ஒரு வாரம் பொறுங்கள். 2000 வாட்டர் பேப்பர், ஒரு சொட்டு சோப்பு, நிறையத் தண்ணீர். தேய்க்கும்போது வரும் நீர் வெள்ளையாக இருக்கும்வரை தேய்வது கிளியர்தான். அதில் வண்டியின் நிறம் கலந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். மடிப்பு ஓரங்களில்தான் முதலில் அப்படி வரும்.